நாலாவது கட்டம் யாருக்கு?

நீதிபோதனை பீரியட் என்பது டைம்டேபிளில் இருக்கும், வகுப்பில் இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொருகுகிற நேரமாகப் பார்த்து அதைப் போட்டிருப்பார்கள். அதையும் கணக்கு டீச்சர் வந்து, "ஒரே ஒரு பாடம் பாக்கி, தர்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போய்விடுவார். இந்த பீரியடை எடுத்துத் தொண்டை கட்டிய சக ஆசிரியர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். உட்கார இடம் கிடைத்த நாளில் நான் நல்ல டீச்சர். கிடைக்காத நாளில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்.

கூடாது டீச்சர்!

நீதிபோதனையில் உள்ள பெரிய கஷ்டம், எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா விடையும் தெரியும் என்பதுதான். "பொய் சொல்லலாமா?" என்று கேட்டால் கூரை அதிர "கூடாது டீச்சர்!" என்பார்கள். "திருடலாமா?" "கூடாது டீச்சர்!" "பெரியவங்கள எதிர்த்துப் பேசலாமா?" "கூடாது டீச்சர்!" அடுத்த நிமிஷம் பின் பெஞ்சில் ஒரு பேனா காணாமல் போகும். எடுத்தவன் எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்வான். நான் கேட்டால் என்னையே எதிர்த்துப் பேசுவான். நடத்திய மூன்று பாடமும் ஒரே நிமிஷத்தில் காற்றில் போய்விடும்.

இப்படி நான் கத்திக்கொண்டிருந்ததை ஒரு வியாழக்கிழமை ஜாபர் சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பகுதிநேர ஓவிய ஆசிரியர், பழவேற்காடு ஊர்க்காரர். பழைய மொபெட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளி என்று சுற்றுகிறவர். எங்கள் பள்ளிக்கு வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. என் குரல் ஏரியின் அந்தக் கரைவரைக்கும் கேட்டதாகப் புகார் உண்டு. அன்றைக்கு பீரியட் முடிந்து வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "பதில் தெரிஞ்ச கேள்விய எதுக்கு மேடம் கேக்கறீங்க? தெரியாததா ஒண்ணு கேட்டுப் பாருங்க."

மிதந்து வந்த வலை

அடுத்த வியாழக்கிழமை அவர் ஒரு சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து கரும்பலகையில் ஒட்டினார். நாலு கட்டம் போட்ட படக்கதை. முதல் கட்டத்தில் இரவுக் காற்றில் யாருடைய வலையோ அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவதில் விடிகிறது, படகில் வரும் ஒருவர் அந்த வலையைப் பார்க்கிறார். மூன்றாவதில் அதைத் தூக்குகிறார், உள்ளே மடவை மீன் துள்ளுகிறது, அவர் முகத்தில் ஒரு குழப்பம். அந்தக் குழப்பத்தை ஜாபர் சார் வரைந்திருந்த அழகை நான் இன்னும் மறக்கவில்லை. புருவத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். நாலாவது கட்டம் காலி. "அதுல இன்னா வரணும்னு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

தூங்கி வழிந்த வகுப்பு எழுந்து உட்கார்ந்தது. வலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் மீன்? வலை அறுந்து போன பிறகு விழுந்த மீன் வலைக்காரருடையதா, தூக்கியவருடையதா? தூக்காமல் விட்டிருந்தால் அழுகித்தானே போயிருக்கும்? "கூடாது டீச்சர்" என்று ஒரு குரல்கூட வரவில்லை. பீரியடை வாங்க வந்த கணக்கு டீச்சர் வந்த வேலையை மறந்து கதவருகே நின்றுவிட்டார். கடைசியில் ரேவதி என்கிற பெண் எழுந்து தீர்ப்புச் சொன்னாள்: "வல அவுரது, மீனு ஏரியோடது டீச்சர். கஷ்டப்பட்டுத் தூக்கனதுக்கு கொழம்பு மட்டும் இவுரது."

வியாழக்கிழமைக்காரி

என் வகுப்பில் தேசம்மா என்று ஒரு பெண். அவள் குடும்பத்தில் யாருக்கும் வலை கிடையாது, படகு கிடையாது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டுமே. தேசம்மா அம்மாவோடு ஏரிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வாரத்தில் ஒரு நாள் வருவாள், இரண்டு வாரம் வரமாட்டாள். எட்டாவது பாதியில் இப்படி ஆனால் அந்தப் பெண் ஒன்பதாவதுக்குப் போகாது என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நின்றுவிடுவாள் என்று ஹெச்.எம். ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. பத்து வரி படித்தால் பதினோராவது வரியை ஊகித்துச் சொல்கிற பெண் அவள்.

படக்கதை வந்தபிறகு ஒரு அதிசயம் நடந்தது. வியாழக்கிழமை தவறாமல் தேசம்மா வந்தாள். வாயைத் திறக்கமாட்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் கத்தி முடிக்கும்வரை அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை மறுபடி ஆள் இருக்காது. நான் அவள் வீட்டுக்கே போனேன். அவள் அம்மா பறியை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணை ஏன் அனுப்பவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நான் இன்னா கட்டியா போட்டுகிறேன்? தெனம் படம் போடுங்க டீச்சர், தெனம் வருவா."

நெசமா?

சார்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வண்ணம் தீட்டி, காலிக் கட்டத்தில் தனக்குத் தோன்றியதை வரைந்து வருகிற பழக்கம் ஆரம்பமானது. ஒரு வாரம் அது ரேவதி வீட்டுக்குப் போயிற்று. அந்த வாரக் கதை இதுதான்: படுத்த படுக்கையாக இருக்கிற அப்பா, வெளியிலிருந்து வரும் மகனிடம், "நம்ம வலை பத்திரமா இருக்கா?" என்று கேட்கிறார். வலை கிழிந்து நாசமாகிவிட்டது. மகன் என்ன சொல்ல வேண்டும்?

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிவதற்குள் ரேவதியின் நைனா பள்ளி வாசலில் நின்றார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். யாரோ பெண்ணை அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து ஓடினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மகள் வைத்திருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். படகில் போய்க் கூட்டாளிகளிடம் கதையைச் சொல்லி, "நோவுல கெடக்கறவருகிட்ட பொய் சொன்னா தப்பில்ல" என்று வாதாடி ஜெயித்தும் இருக்கிறார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. "அந்தக் கடைசிக் கட்டத்துல இன்னா வரும்னு நீங்களே சொல்லி அனுப்பிடுங்க டீச்சர். இப்ப காத்து திரும்புதுடான்னு நான் சொன்னாக்கூட, 'நெசமாவா, இல்ல எங்க மனசு நோவக் கூடாதுன்னு சொல்றியா?'ன்னு கேக்கறானுங்க."

சீட்டு

வீட்டுக்குக் கொண்டுபோவதில் அடிதடி வந்துவிட்டது. ஒரு சார்ட், ஒரு வகுப்புப் பிள்ளைகள். நான் தலையிடுவதற்குள் லோகேஷ் என்கிற பையன் அதைத் தீர்த்துவிட்டான். எப்படி என்றால், பாடு வைத்து. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் உன்னுடையது, நாளைக்கு அங்கே உனக்கு வேலை இல்லை. அதே மாதிரி லோகேஷ் பிள்ளைகளின் பேரை எழுதிச் சீட்டுக் குலுக்கினான். காய்ச்சலில் படுத்தவனுடைய முறையைப் பத்திரமாக எடுத்துவைத்தான். தன் சொந்த முறை கடைசியில் வந்தபோது முகம் சுளிக்கவில்லை. ஏமாற்று இல்லை, சிபாரிசு இல்லை, அழுகை இல்லை. ஸ்டாஃப் ரூமில் நான் இதைப் பெருமையடித்துக்கொண்ட அளவுக்கு என் சொந்தப் பிள்ளையைப் பற்றிக்கூடப் பெருமையடித்ததில்லை.

ஒரு சுற்று முடிகிற சமயத்தில்தான் உறைத்தது. எல்லோர் வீட்டுக்கும் சார்ட் போய்விட்டது, தேசம்மா வீட்டுக்குப் போகவில்லை. சீட்டுகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். அவள் பேர் எழுதவே இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. லோகேஷைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். அவன் முகத்தில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. நான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்று நினைத்து எனக்கு விளக்கினான்: "அவுங்களுக்குப் பாடு கெடயாதே டீச்சர்."

மரமும் பாடும்

அவன் சொன்னது உண்மை. கையால் பிடிக்கிற குடும்பங்களுக்கு ஊர் வைக்கும் பாடு முறையில் இடம் கிடையாது. ஏரியில் இருக்கிற வழக்கம் அப்படியே வகுப்புக்குள் நடந்து வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கம்பு எடுக்காத குறை. 'இப்பவே அவள் பேரைச் சேர்' என்று உத்தரவு போடப் போனேன். ஜாபர் சார்தான் தடுத்தார். நீங்கள் சொன்னதற்காக ஒரு தடவை கொடுப்பார்கள் மேடம், அதற்கப்புறம் அவளுக்கு அது பிச்சை மாதிரி இருக்கும் என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

அந்த வாரம் அவர் வேறு ஒரு கதை வரைந்தார். கொளுத்தும் வெயில், பொட்டல் காடு, ஒரே ஒரு மரம். ஊர்க்காரர்கள் முறை வைத்து நிழலில் உட்காருகிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் தள்ளாடி வருகிறார். அவருக்கு முறை இல்லை. நாலாவது கட்டம் காலி. வகுப்பு கொதித்துவிட்டது. "எடம் குடுக்கணும் டீச்சர்!" "முறை வெச்சவங்களுக்கு மனசே இல்லியா?" லோகேஷ் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான். நான் வெற்றிக் களிப்பில் எழுந்து, "அப்போ தேசம்மாவுக்கு ஏன்டா சீட்டு இல்லை?" என்று கேட்டேன். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். லோகேஷ் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தான். பிறகு மரியாதையாகச் சொன்னான்: "அது மரம் டீச்சர். இது பாடு."

தீருமா?

அடுத்த வியாழக்கிழமை தேசம்மா வரவில்லை. படக்கதை ஆரம்பித்ததிலிருந்து அவள் வராத வியாழக்கிழமை அதுதான். அந்தக் கடைசி பெஞ்சையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை வைத்துக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே கயிறு இந்தப் படம்தான், அதையும் நானே அறுத்துவிட்டேனோ என்று இருந்தது. ஜாபர் சார் கிளம்பும்போது, "அவளப் பத்தி நாம எல்லாரும் பேசினோம், அவள யாரும் கேக்கலியே மேடம்" என்றார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை வந்தாள். ஏரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், பின்னலில் ஈரம் சொட்டியது. ஜாபர் சார் சார்ட்டைக் கரும்பலகையில் ஒட்டவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் அவள் முன்னால் விரித்து வைத்தார். "தேசம்மா, இந்த வாரம் இது யார் வீட்டுக்குப் போகலாம், நீ சொல்லும்மா" என்று கேட்டார். ஒரு பெரிய மனுஷியிடம் யோசனை கேட்கிற குரல். தனக்கு வேண்டும் என்று கேட்பாள், அழுவாள், இல்லை எழுந்து ஓடிவிடுவாள் என்றெல்லாம் நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், லோகேஷைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. இத்தனை மாதமும் பேசாமல் இருந்தது இதை யோசிக்கத்தானோ என்று தோன்றியது. நான் கல்லூரியில் தத்துவம் ஒரு பாடமாகப் படித்தவள். இவ்வளவு சுத்தமாக ஒரு வாதத்தை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. "யார் வூட்டுக்கும் எதுக்கு சார் போவணும்? எறான்னா ஒருத்தர் புடிச்சிட்டா இன்னொருத்தருக்குக் கெடயாது, அதுக்குப் பாடு வேணும். படம் பாத்தா தீந்தா பூடும்?"

புது இடம்

எல்லோரும் லோகேஷைப் பார்த்தார்கள். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். பிறகு எழுந்து போய் சார்ட்டை எடுத்து, பள்ளி வராந்தாச் சுவரில், படகுத்துறைக்குப் போகிற பாதையைப் பார்த்தபடி ஒட்டிவிட்டு வந்தான். தீராத பொருளுக்குப் பாடு எதற்கு என்பது அவனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. விளங்கியதும் மாற்றிக்கொண்டான், நம்மைப் போல் மானம் போயிற்றே என்று பிடித்துத் தொங்கவில்லை. இப்போது ரேவதியின் நைனாவும் கூட்டாளிகளும் கரையேறியதும் எங்கள் சுவருக்கு முன்னால் நின்று சண்டை போடுகிறார்கள்.

ஆனால் லோகேஷுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. படம் பார்த்தால் தீராது, சரி. நாலாவது கட்டம்? அதில் ஒருவர் வரைந்துவிட்டால் இன்னொருவர் வரைய முடியாதே. தேசம்மாவே அதை ஒத்துக்கொண்டாள். "அப்ப கட்டத்துக்குப் பாடு உண்டு" என்று சொல்லிவிட்டு அவன் பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டான். புதிதாக எழுதினான். அவள் பேரை முதலில் எழுதினான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அவங்களுக்குப் பாடு கிடையாதுன்னு சொன்னியேடா?" என்று கேட்டேன். "அது ஏரில டீச்சர். இது புது எடம், இத்த கண்டுபுடிச்சதே அவதான். கண்டுபுடிச்சவள வுட்டுட்டு எப்டி சீட்டு போடறது?"

ஏரியில் எதுவும் மாறிவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தேசம்மாவின் அம்மா இன்றைக்கும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார். ஆனால் வகுப்பில் புதுப் பாடு முறைக்கு லோகேஷ் ஒரு சட்டம் சேர்த்தான். வாரம் முழுக்கப் பள்ளிக்கு வந்தவருக்குத்தான் வியாழக்கிழமை கட்டம், ஒரு நாள் தவறினாலும் முறை அடுத்தவருக்குப் போய்விடும். யார் சீட்டு வரும் என்பது வியாழக்கிழமை குலுக்கி எடுத்தால்தான் தெரியும். தேசம்மா வெள்ளிக்கிழமை வந்தாள். திங்கட்கிழமையும் வந்தாள், செவ்வாய்க்கிழமையும் வந்தாள். ஹெச்.எம். வருகைப் பதிவை நீட்டி, என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார். அவள் முறை இன்னும் வரவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன வரையப் போகிறாள் என்று கேட்டால் சொல்லவும் மாட்டேன் என்கிறாள். மற்றபடி பேச்சு சரளமாகிவிட்டது, முதல் வேலையாக என்னிடமே புகார் கொண்டுவந்தாள்: "பாருங்க டீச்சர், நான் பாடே வேணாம்னுதான சொன்னேன்? இப்ப இந்த லோகேஷு தெனம் வரச் சொல்றான்!"

நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் நடக்காததை ஒரு காலிக் கட்டத்தை வைத்து நடத்திக்காட்டியவன், டீச்சருக்கும் அதே சட்டம்தான் என்று என்றைக்காவது சொல்லிவிடுவானோ என்கிற பயத்தில், மேலுக்கு முடியாத நாளிலும் நான் லீவு போடாமல் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.